எல்கேஜி சேர்க்கப் போகிறீர்களா? சான்றிதழ் முதல் சாப்பாட்டு டப்பா வரை

தமிழ்நாட்டில் பிள்ளையை முதன்முதலாகப் பள்ளியில் சேர்க்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகள் எல்கேஜி முடித்துவிட்டாள். நாங்கள் இருப்பது திருச்சியில், அவள் பிறந்தது தஞ்சாவூரில். இந்த ஒரு விஷயமே எத்தனை கவுன்ட்டரில் நிற்க வைக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். விசாரித்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தின் பெயரைத்தான் சொன்னார்கள். என்ன தாள் வேண்டும், பணம் எப்போது கட்ட வேண்டும், முதல் மாதம் பிள்ளை எப்படி இருக்கும் என்று சொல்ல ஆளில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகித வேலை அத்தனையையும் மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஜூன் மாதம் முழுக்கப் பிள்ளைக்கு வேண்டும். இ-சேவை மைய வரிசையில் டோக்கனோடு நிற்கும்போது "உங்க பொண்ணு அழுகையை நிறுத்தவே இல்லை, கொஞ்சம் வர முடியுமா" என்று மிஸ்ஸிடமிருந்து போன் வந்தால் இரண்டு வேலையும் கெடும்.

1. வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் பொதுவாக ஜூலை 31-ஆம் தேதி வைத்துத்தான் கணக்கு. அன்றைக்கு மூன்று வயது முடிந்திருந்தால் எல்கேஜி, ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. 2027 ஜூனில் எல்கேஜி சேர வேண்டிய பிள்ளை 2024 ஜூலை 31-க்குள் பிறந்திருக்க வேண்டும்.

கேந்திரிய வித்யாலயாவில் கணக்கே வேறு. அங்கே ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். தனியார் சிபிஎஸ்இ பள்ளிகள் ஆளுக்கொரு தேதி சொல்கின்றன. மாற்றலாகும் வேலையில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மூன்று முடிந்த கையோடு எல்கேஜி சேர்த்த பிள்ளை ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிடும். அப்போது கேந்திரிய வித்யாலயா பக்கம் போனால் வயது போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓர் ஆண்டு வீணாகும்.

ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளை என்றால் இன்னொன்றும் யோசியுங்கள். ஒரே வகுப்பில் மூன்று வயது முடிந்த பிள்ளையும் நான்கைத் தொடப்போகும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். அந்த வயதில் பத்து மாத இடைவெளி பெரிய இடைவெளி. ஒருவன் சட்டைப் பொத்தான் போடுவான், இன்னொருவனுக்கு ஸ்பூன் பிடிக்கவே கை வராது. ஓராண்டு தள்ளிச் சேர்த்தால் நஷ்டம் எதுவும் இல்லை என்பது என் கருத்து. மாமியார் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது வேறு கதை.

2. பிறப்புச் சான்றிதழ், ஆதார், இனிஷியல்

அதிக நேரத்தைத் தின்னும் வேலை இதுதான். அதனால் இதில் தொடங்குங்கள்.

பிறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊர் அலுவலகத்தில்தான் பதிவு இருக்கும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற வழக்கம் நம்மிடம் இருப்பதால், பாதிப் பேருக்குச் சான்றிதழ் ஒரு ஊரிலும் குடும்பம் ஒரு ஊரிலும் இருக்கும். சான்றிதழை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம், காசு இல்லை. ஆனால் அதில் பிழை இருந்தால் பதிவு செய்த அலுவலகத்தில்தான் திருத்த முடியும். தாத்தா பாட்டி அந்த ஊரில் இருக்கிறார்கள் என்றால் இந்த வேலையை அவர்கள் தலையில் கட்டலாம் என்று நினைக்காதீர்கள். பெற்றோர் கையெழுத்தும் அடையாள அட்டையும் கேட்பார்கள்.

சான்றிதழை எடுத்து முதலில் பார்க்க வேண்டியது, குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று. பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு நடந்துவிடுவதால் பலருடைய சான்றிதழில் அந்த இடம் காலியாகவே இருக்கும். பிறந்து ஓராண்டுக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சிறிய தொகைதான், ஆனால் வேலை ஒரே நாளில் முடியாது. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். ஆகவே இதில் என்ன இருக்கிறதோ அதுதான் பிள்ளையோடு கடைசிவரை வரும்.

அடுத்தது ஆதார். ஐந்து வயதுக்குள் எடுப்பது நீல நிற அட்டை. அதற்குக் கைரேகையோ கண் பதிவோ கிடையாது, பெற்றோர் ஒருவரின் ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் இருந்தால் போதும். தொல்லை பெயரில்தான் வரும். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் இருக்காது. ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும். ரேஷன் கார்டில் வேறு எழுத்து. பள்ளிப் பதிவேட்டில் மிஸ் தன் இஷ்டத்துக்கு ஒன்று எழுதுவார். நம் வீட்டில் இருப்பது ஒரே பிள்ளை, தாளில் நான்கு பிள்ளைகள்.

எனவே ஒரு வெள்ளைத் தாளில் பிள்ளையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே விண்ணப்பம் நிரப்பினாலும் அந்தத் தாளைப் பார்த்தே நிரப்புங்கள். கணவன் ஓரிடத்திலும் மனைவி ஓரிடத்திலும் நிரப்பும்போதுதான் ஓர் எழுத்து கூடிப்போகிறது. பள்ளி அந்தப் பெயரை எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் ஏற்றிவிட்டால் பிறகு மாற்றுவதற்குத் தலைமையாசிரியரின் பின்னால் நடக்க வேண்டியிருக்கும். ஏற்றுவதற்கு முன் ஒருமுறை காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள்.

ஆதார் இல்லையென்றால் சேர்க்க முடியாது என்று சில பள்ளிகளில் சொல்வார்கள். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது. அதற்காக கேட்டில் நின்று தீர்ப்பை வாசிக்க வேண்டாம். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்ததும் தருகிறோம்" என்று ஒப்புகைச் சீட்டைக் காட்டினால் பெரும்பாலும் போதும்.

சாதிச் சான்றிதழை எல்கேஜிக்கே கேட்பவர்களும் உண்டு, ஒன்றாம் வகுப்பில் கேட்பவர்களும் உண்டு. இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பிள்ளையின் புகைப்படம் கொண்டுபோங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கைமாறி வர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஊரே விண்ணப்பிக்கும். ஜனவரியில் போட்டுவிடுங்கள்.

3. எந்த மாதிரிப் பள்ளி

தனியார் பள்ளியைத் தவிர வழியில்லை என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் அலைகிறார்கள். அங்கன்வாடியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். இரண்டு வயதிலிருந்தே சேர்க்கிறார்கள், கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு, முட்டை உண்டு. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற செயல்பாட்டுப் புத்தகத்தை வைத்து நடத்துகிறார்கள். நல்ல அக்கா அமைந்த மையமாக இருந்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. சில அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் எல்கேஜி, யுகேஜியும் நடக்கிறது. 2019-இல் 2,381 மையங்களில் தொடங்கினார்கள். எல்லா ஊரிலும் இல்லை, பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் தெரியும்.

ஒன்றாம் வகுப்பிலேயே நேராக அரசுப் பள்ளியில் சேர்ப்பதும் நல்ல வழிதான். புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் அவர்களே தருகிறார்கள். காலையில் உப்புமா, பொங்கல், கிச்சடி என்று ஏதோ ஒன்று சூடாகக் கிடைக்கிறது. காலை ஏழரை மணிக்கு ஊட்டிவிட்டு ஓடும் வீடுகளுக்கு அந்தக் காலை உணவின் அருமை தெரியும். சில ஆண்டுகளாக மார்ச் முதல் வாரத்திலேயே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. விஜயதசமி அன்றும் சேர்க்கிறார்கள்.

தனியார் பள்ளிக்குத்தான் என்று முடிவானால் தேதிதான் முக்கியம். பெயர்பெற்ற பள்ளிகள் முந்தைய ஆண்டு அக்டோபரிலிருந்து பொங்கலுக்குள் விண்ணப்பம் கொடுத்து முடித்துவிடுகின்றன. "மே மாசம் பார்த்துக்கலாம்" என்று இருந்தால் மிச்சம் இருப்பதில்தான் பொறுக்க வேண்டும்.

4. ஆர்டிஇ இடஒதுக்கீடு: தகுதி இருந்தால் விடாதீர்கள்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். நலிந்த பிரிவு என்றால் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குள். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு என்று இன்னொன்று உண்டு. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் எல்லாம் அதில் வருவார்கள், அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை. இது தெரியாமல் வருமானத்தை நினைத்து விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் இணையத்தில்தான், கட்டணம் கிடையாது. வழக்கமாக ஏப்ரல் கடைசியில் திறந்து மே மாதத்தில் மூடுவார்கள். 2025-இல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறால் தள்ளிப்போய் அக்டோபரில்தான் நடந்தது. அதனால் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வேண்டிய தாள்கள்: பிறப்புச் சான்றிதழ், முகவரிக்கு ஆதார் அல்லது ரேஷன் கார்டு, வருமான அல்லது சாதிச் சான்றிதழ், புகைப்படம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பள்ளியில் குலுக்கல் நடத்துவார்கள். குலுக்கலுக்கு நேரில் போங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. ஆதாரில் சொந்த ஊர் முகவரியே இருந்தால் ஒரு கிலோமீட்டர் கணக்கு அடிபட்டுப் போகும். முகவரி மாற்றத்தை முந்தைய ஆண்டே செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, இடம் கிடைத்துவிட்டால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். சீருடை, நோட்டு, வேன் என்று ஒரு தொகையைப் பல பள்ளிகள் கேட்கின்றன. எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

5. பணம்: "ஃபீஸ் எவ்வளவு" என்று மட்டும் கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால் டியூஷன் ஃபீஸை மட்டும்தான் சொல்வார்கள். நாம் கேட்க வேண்டியது, "ஜூனிலிருந்து ஏப்ரல் வரை என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்?" என்று. சேர்க்கைக் கட்டணம், டேர்ம் கட்டணம், புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ, அடையாள அட்டை, வேன், ஆண்டு விழா டிரஸ், கலர் டே டிரஸ், போட்டோ. கடைசி மூன்றும் தாளில் இருக்காது, ஆனால் வரும்.

ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் எந்த வகுப்புக்கு எவ்வளவு வாங்கலாம் என்று மாநிலக் கட்டண நிர்ணயக் குழு விதித்திருக்கிறது. பள்ளி வாரியாக அவர்கள் இணையதளத்தில் பார்க்கலாம். எல்கேஜிக்கும் அதில் உண்டு. பள்ளி சொல்லும் தொகைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். அதை வைத்துச் சண்டை போடச் சொல்லவில்லை. எந்தத் தொகைக்கு ரசீது வரும், எந்தத் தொகை "பில்டிங் ஃபண்டு" என்று ரசீது இல்லாமல் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்குத்தான். சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவதும் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்த்துச் சேர்ப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவுக்கு விரோதம். "சும்மா பேசிப் பார்க்கிறோம்" என்று நடக்கத்தான் செய்கிறது. அதற்காகப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பெயரும் நிறமும் ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்து வதைக்க வேண்டாம். புது இடத்தில் மூன்று வயதுப் பிள்ளை வாயே திறக்காது என்று அவர்களுக்கும் தெரியும்.

இரண்டு பள்ளியில் முன்பணம் கட்டி வைக்கும் பழக்கம் இருக்கிறது. சேராவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள். நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில் வாயால் "கண்டிப்பா திருப்பித் தருவோம் சார்" என்றார்கள். ரசீதைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் திருப்பித் தரப்படாது என்று அச்சாகியிருந்தது.

ரசீதுகளை ஒரு கோப்பில் வையுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் டியூஷன் ஃபீஸை மட்டும் கழிவில் காட்டலாம், நர்சரிக்கும் அது பொருந்தும். ரசீதில் டியூஷன் ஃபீஸ் தனியாகப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும்.

சீருடை முதலில் இரண்டு செட் போதும். வளர்ந்துவிடுவாள் என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் இடுப்பில் நிற்காது.

6. பள்ளியைப் பார்க்கப் போகும்போது கழிப்பறைக்குப் போங்கள்

ஸ்மார்ட் போர்டு, நீச்சல் குளம் எல்லாம் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, "எல்கேஜி பிள்ளைகள் போகிற டாய்லெட் எங்கே?" என்று கேளுங்கள். வகுப்பிலிருந்து எவ்வளவு தூரம், உயரம் எப்படி, இந்தியன் டைப்பா வெஸ்டர்னா, ஆயாம்மா கூடப் போகிறாரா, தண்ணீர் வருகிறதா. வீட்டில் வெஸ்டர்ன் மட்டுமே பழகிய பிள்ளை குத்த வைத்து உட்காரத் தெரியாமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வரும். சிறுநீர்த் தொற்று வந்து டாக்டரிடம் ஓடும்போதுதான் காரணம் தெரியும்.

ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், மிஸ்ஸுக்குத் துணைக்கு ஆள் உண்டா, மதியம் தூங்க விடுவார்களா, முதல் வாரம் அரை நாளா முழு நாளா என்றும் கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் படங்களையும் கவனியுங்கள். எல்லாம் கடையில் வாங்கிய சார்ட்டா, பிள்ளைகள் கிறுக்கியதும் இருக்கிறதா? எனக்கு அந்தக் கிறுக்கல்தான் நம்பிக்கை தந்தது.

7. மே மாதத்தில் பழக்க வேண்டியவை

ஏபிசிடி வேண்டாம். அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் பழக்க வேண்டியவை வேறு.

பாட்டிலின் மூடியைத் தானே திறந்து மூடுவது. டிபன் டப்பாவின் கிளிப்பைத் தூக்குவது. டப்பாவை மே மாதமே வாங்கி, அதிலேயே இரண்டு வாரம் வீட்டில் சாப்பிட வையுங்கள். ரப்பர் வளையம் போட்ட, கசியாத, விலையுயர்ந்த டப்பாவைப் பிள்ளையால் திறக்கவே முடியாது. சாப்பாடு அப்படியே திரும்பி வருவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். ஊட்டிவிட்டே பழகிய பிள்ளை என்றால் இட்லியைப் பிய்த்துத் தானே வாயில் வைக்கப் பழக்குங்கள். நெய்ச்சோறு சிந்தினால் சிந்தட்டும். டப்பாவில் முதல் மாதம் பிடித்ததை மட்டும் வையுங்கள். சத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

கால்சட்டையைக் கழற்றி மாட்டுவது. சீருடைக்குக் கொக்கியும் பெல்ட்டும் வைத்துத் தைத்துத் தருவார்கள். டெய்லரிடம் கொடுத்து இடுப்புக்கு எலாஸ்டிக் போட்டுவிடுங்கள். ஷூ ஒட்டுப் பட்டை வைத்தது.

"பாத்ரூம் போகணும்" என்று சொல்ல வெட்கப்படாமல் இருப்பது. சில பள்ளிகளில் ஆங்கிலத்தில் கேட்டால்தான் விடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. முதல் நாளே மிஸ்ஸிடம் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: "தமிழில் சொன்னால் போக விடுவீர்கள் இல்லையா?" இதற்குத் தயக்கம் காட்டும் பள்ளி என்றால் நான் வேறு பள்ளி பார்ப்பேன்.

தூக்கம். ஜூனில் ஆறரைக்கு எழ வேண்டுமானால் மே மூன்றாம் வாரத்திலிருந்தே இரவு ஒன்பதுக்குள் விளக்கை அணையுங்கள். வீட்டுக்கே இது சிரமம், ஐபிஎல் நடக்கும் நேரம் வேறு.

8. வேன், ஆட்டோ

வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் பள்ளி இருந்தால் அதுவே பெரிய வரம். வேன் என்றால் கட்டணம் பத்து மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் நம் பிள்ளை ஏறும் வரிசை. முதலில் ஏறி கடைசியில் இறங்கும் பிள்ளை ஒரு மணி நேரம் கூடுதலாகச் சுற்றும். உதவியாளர் இல்லாத வேன் வேண்டாம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார வைக்கும் ஆட்டோ வேண்டவே வேண்டாம். முதல் வாரம் நீங்களே கொண்டுபோய் விட்டு, பிள்ளை வகுப்புக்குப் பழகிய பிறகு வேனில் ஏற்றுங்கள். அழும் பிள்ளையை முதல் நாளே வேனில் ஏற்றினால் வேனைக் கண்டாலே பயம் வந்துவிடும்.

9. முதல் மூன்று வாரம்

அழும். எல்லாப் பிள்ளையும் அழும். முதல் நாள் சிரித்துக்கொண்டே போன பிள்ளை மூன்றாவது நாள் தரையில் புரளும், ஏனென்றால் இது தினமும் நடக்கப்போகிறது என்று அன்றைக்குத்தான் அதற்குப் புரிகிறது. திங்கட்கிழமைகளிலும் லீவு முடிந்த மறுநாளிலும் திரும்ப வரும். ஏப்ரலில் வகுப்பைத் தொடங்கிவிட்டு மே மாதம் விடுமுறை விடும் சிபிஎஸ்இ பள்ளியானால் ஏப்ரலில் பழகியதெல்லாம் போய் ஜூனில் மறுபடியும் முதலிலிருந்து. அது இயல்பு.

பார்க்காத நேரத்தில் நைசாக நழுவி வராதீர்கள். "கடைக்குப் போய் சாக்லேட் வாங்கிட்டு வரேன்" என்று பொய் சொல்லியும் வராதீர்கள். கிளம்புகிறேன் என்று சொல்லி, எப்போது வருவேன் என்பதையும் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லுங்கள். மணி தெரியாது அதற்கு. "சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பிரேயர் சொன்னதும் அப்பா வாசலில் நிற்பேன்." சொன்னபடி நிற்க வேண்டும். முதல் மாதம் ஐந்து நிமிடம் தாமதமானாலும் அடுத்த நாள் காலையில் அதன் பலன் தெரியும். சொல்லிவிட்டால் கிளம்பிவிட வேண்டும், ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. தாத்தாக்கள்தான் இதில் மோசம். கேட்டுக்கு வெளியே கண் கலங்க நிற்பார்கள், அதைப் பார்த்துப் பிள்ளை இன்னும் கத்தும். எங்கள் வகுப்பு ஆயாம்மா ஒரு தாத்தாவை "நீங்க நாளைக்கு வராதீங்கப்பா" என்றே சொல்லிவிட்டார்.

"மிஸ் கிட்ட சொல்லி அடிக்கச் சொல்வேன்" என்று வீட்டில் மிரட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். பள்ளியில் அடிப்பதும் மனம் நோகத் திட்டுவதும் சட்டப்படி கூடாது. நாமே மிஸ்ஸைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, மிஸ்ஸிடம் போய் உட்கார் என்றால் எப்படி உட்காரும்?

வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டாம். சாப்பிடக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். இரவு படுக்கும்போது தானாக வரும்: யார் யாரைக் கடித்தான், யாருடைய பென்சில் தொலைந்தது, யார் பேன்ட்டில் போனான். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் பெயர் அந்தப் பேச்சில் வரத் தொடங்கிவிட்டால் பழகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு மாதம் தாண்டியும் தினமும் வாந்தி, இரவில் அலறல், விட்டுப்போன பழக்கம் திரும்பி வந்து படுக்கையை நனைப்பது என்று இருந்தால் பள்ளியில் ஏதாவது நடக்கிறதா என்று மிஸ்ஸிடம் தனியாகப் பேசுங்கள், வேனிலும் விசாரியுங்கள். பேச்சு சரியாக வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று மிஸ் சொன்னால் கோபப்படாமல் பரிசோதியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கே கட்டணம் இல்லை.

10. ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன்

முதல் நோட்டில் இதுதான் இருக்கும். நேர்கோடு, படுக்கைக்கோடு, சாய்கோடு, வளைவு. "இதுக்கா இவ்வளவு ஃபீஸ்" என்று தோன்றும். ஆனால் இதுதான் சரியான வரிசை. மூன்று வயதில் விரலில் பலம் கிடையாது. பென்சிலை உள்ளங்கையில் உலக்கை மாதிரி பிடிப்பதுதான் அந்த வயதின் பிடி. கையைப் பிடித்து எழுத வைத்தால் கை வலிக்கும், எழுத்தின் மேலே வெறுப்பு வரும்.

விரல் பலப்பட நோட்டுக்கு வெளியேதான் வேலை. சப்பாத்தி மாவை உருட்டச் சொல்லுங்கள். பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள், வாயில் போடாமல் பக்கத்திலேயே இருந்து. பழைய செய்தித்தாளைக் கிழிக்கட்டும், கீரை ஆயட்டும், பட்டாணி உரிக்கட்டும். கட்டையான கிரேயான் வாங்கிக் கொடுங்கள், பென்சிலைவிட அது எளிது. இடது கையால் எழுதினால் விட்டுவிடுங்கள், மாற்றச் சொல்லும் மிஸ்ஸிடமும் சொல்லிவிடுங்கள்.

தமிழ் எழுத்தில் 'அ'வில் தொடங்குவது வாய்க்குச் சரி, கைக்குச் சரியில்லை. சுழியும் வளைவுமாக இருக்கும். ட, ப இரண்டும் நேர்கோடுகளிலேயே வந்துவிடும். வீட்டில் எழுதப் பழக்குவதானால் அங்கிருந்து தொடங்குங்கள். எழுத்தைத் திருப்பிப் போடுவது, கண்ணாடியில் பார்ப்பதுபோல் எழுதுவது எல்லாம் ஆறேழு வயதுவரை சாதாரணம்.

வீட்டுப்பாடம் என்று நான்கு பக்கம் வந்தால் ஒரு பக்கம் எழுத வைத்துவிட்டு, "இவ்வளவுதான் முடிந்தது" என்று டைரியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அம்மாக்களே இடது கையால் எழுதி அனுப்புவதும் நடக்கிறது. மிஸ் கண்டுபிடித்துவிடுவார். அந்த நேரத்துக்கு ஒரு கதை சொல்லலாம். தமிழில் கதை கேட்டுக் கேள்வி கேட்கும் பிள்ளைதான் பிறகு ஆங்கிலத்தையும் சட்டென்று பிடிக்கிறது. வீட்டில் தமிழை விட்டுவிட்டு "கம் ஹியர், சிட் ஹியர்" என்று பேசினால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

11. காய்ச்சல் சீசன்

முதல் ஆண்டில் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். அலுவலக விடுப்பை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். தக்காளிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்லும் கை, கால், வாய்க் கொப்புளம் எல்கேஜி வகுப்பில் சீக்கிரம் பரவும். ஒரு வாரம், பத்து நாளில் தானே சரியாகும். அதுவரை அனுப்பாதீர்கள். "டெஸ்ட் இருக்கே" என்று மாத்திரை கொடுத்து அனுப்பும் பெற்றோரால்தான் மொத்த வகுப்பும் படுக்கிறது. எல்கேஜி டெஸ்டில் என்ன இருக்கிறது!

தடுப்பூசி அட்டையின் நகலைப் பள்ளியில் கேட்பார்கள். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் டிபிடி பூஸ்டர் ஒன்று பாக்கி இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள்.

12. மார்ச் வந்ததும்

யுகேஜிக்கான முதல் டேர்ம் கட்டணத்தைப் பல பள்ளிகள் ஏப்ரலிலேயே கேட்கும். போனஸ், சீட்டுப் பணம் எதையாவது அதற்கு ஒதுக்கி வையுங்கள். பள்ளி மாற்ற நினைப்பவர்கள் கட்டுவதற்கு முன் எழுத்தில் தெரிவித்து, எமிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுப் பள்ளியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வேன்காரரிடமும் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள், மே மாத வேன் கட்டணத்தில் தகராறு வராது.

பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்ததும் ஆதாரில் கைரேகை, கண் பதிவு, புதுப் புகைப்படம் ஏற்ற வேண்டும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் செய்தால் இலவசம். போகும்போது பெயர் எழுதி வைத்த அந்த வெள்ளைத் தாளையும் எடுத்துப் போங்கள். திரையில் பெயரைச் சரிபார்த்து, இனிஷியல் சரியாக இருந்தால் மட்டும் சரி என்று சொல்லுங்கள்.